ஊசி போடாத வீடு

சம்பூர்ணம் நடக்கும்போது வலது கை மட்டும்தான் வீசும். இடது கை விலாவோடு ஒட்டியே இருக்கும். மலைமேலிருந்த புதூர்நாட்டுக்கு நர்ஸாக வந்த புதிதில் அந்தக் கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் பெட்டி இருந்தது. ஊசியும் கண்ணாடி சிரிஞ்சும் இருந்த பெட்டி. பிள்ளைகள் கண்ணில் பட்டால் காட்டுக்குள் ஓடிவிடும் என்று முந்தானையால் மூடிக்கொண்டு போவாள். பிற்பாடு பெட்டியைத் துணிப்பையில் போட்டு ஆயா செல்லி தூக்கி வர ஆரம்பித்தாள். ஆனாலும் கை அங்கேயே நின்றுவிட்டது. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எதையோ கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். நர்ஸம்மாவுக்கு அந்தக் கை வராதா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். செல்லிதான் பதில் சொல்வாள்.

"வரும், வரும். உம் புள்ளய இட்டாந்து காட்டு. எப்பிடி வருதுன்னு நீயே பாரு."

சம்பூர்ணத்துக்கு ஊர் ஆலங்காயத்துக்குப் பக்கம். புருஷன் ராஜாக்கண்ணு வாணியம்பாடியில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தான். எழுபத்தொன்றில் மலைக்கு வேலை போட்டபோது, ரெண்டே வருஷம், அப்புறம் கீழே மாற்றிவிடுவோம் என்று அதிகாரி சொன்னார். அவளும் நம்பினாள். மகள் வசந்தியை மாமியாரிடம் விட்டுவிட்டு ஏறினாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இறங்கிப் போவாள். சில மாதம் மழையில் பாதை அறுந்துபோய் அதுவும் கிடையாது. வசந்தி வெகுநாள் வரை அவளை 'மலையம்மா' என்றுதான் கூப்பிட்டாள். அதைத் திருத்தக்கூட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

மலையில் அப்போது ஊசி என்றால் பயம். அவள் வரப்பில் வருவதைப் பார்த்ததும் சாமை அறுக்கிற பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். கேட்டால், புள்ள மாமன் வூட்டுக்குப் போய்ட்டுது என்பார்கள். குதிருக்குள்ளிருந்து தும்மல் கேட்கும். அப்படி மூன்று வருஷம். பிறகு முனியன் மகளுக்கு மார்ச்சளி கட்டி மூச்சு விட முடியாமல் கிடந்தபோது நான்கு நாள் பென்சிலின் போட்டு எழுப்பி உட்கார வைத்தாள். அதோடு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. தலைவலிக்கு ஊசி, கால் குடைச்சலுக்கு ஊசி. மாத்திரை கொடுத்தால் முகம் சுருங்கும். "ஒரு ஊசி போட்டு வுடுமா, இத்தினி தூரம் நடந்து வந்துக்கீறேன்" என்று கிழவர்கள்கூடச் சண்டைக்கு நிற்பார்கள். அப்படியும் கைக்குழந்தைக்கு முன்கூட்டியே போடுகிற தடுப்பூசிக்கு மட்டும் யாரும் வரவில்லை. நோயில்லாத பிள்ளையை எதற்குக் குத்த வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

புளியங்கொல்லை என்கிற ஊரில் அதற்கு முதலில் வந்தவள் மாதம்மாள். சின்னதம்பி பெண்டாட்டி. இருபது வயதிருக்கும். பத்து மாதக் குழந்தை ரங்கனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பலாமரத்தடிக்கு வந்து நின்றாள்.

"இன்னா நோவுக்கும்மா இது?"

"நோவு வராம இருக்கறதுக்கு. கக்குவான், தொண்டை அடைப்பான், ஜன்னி, மூணும் வராது."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். போடு" என்று குழந்தையின் தொடையைத் திருப்பிக் காட்டினாள். திரும்பி மற்ற பெண்களைப் பார்த்து, "இன்னாடி பாத்துனுகீறீங்க? போய் இட்டாங்கடி உங்க புள்ளைங்கள" என்று சிரித்தாள். அன்றைக்குப் பதினொரு குழந்தைகள் வந்தன. சம்பூர்ணம் மலைக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியது அந்த ஒருநாள்தான்.

மறுநாள் காலை சின்னதம்பி ஓடி வந்தான். குழந்தையின் தொடை வீங்கி, தோல் பளபளவென்று கருநீலமாக இருந்தது. தொட்டால் கல். குழந்தை அழக்கூட முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் ஊசிக் கட்டி என்று நினைத்தாள். சில பிள்ளைகளுக்கு அப்படி வரும். அதற்குப் படித்துக் கொடுத்த வைத்தியம் ஒன்றுதான், வெந்நீர் ஒத்தடம். மூன்று நாள் அங்கேயே இருந்து, தண்ணீர் காய்ச்சித் துணி நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க வீக்கம் முழங்கால் வரை இறங்கியது. எட்டாம் நாள் தானாகவே வற்ற ஆரம்பித்தது. மற்ற பத்துக் குழந்தைகளுக்கும் ஒன்றுமில்லை. மாரியாத்தா வெளையாடிட்டுப் போனா என்று ஊர் சொல்லிற்று. மாதம்மாள், "மூணு நாளு கண்ணு மூடாம பாத்துக்கினியேமா" என்று ஒரு பலாப்பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நர்ஸ் வீடு வரை வந்து வைத்துவிட்டுப் போனாள்.

ரங்கன் நடக்கத் தொடங்கியதும் உடம்பில் நீலம் நீலமாகத் தெரிந்தது. விழுந்தால் முட்டி வீங்கும். எல்லாப் பிள்ளைகளும்தான் விழுகின்றன, இவன் விழுந்தால் மட்டும் பதினைந்து நாள் படுக்கை. சின்னதம்பி சாராயத்தைக் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஊரில் பேச்சு. செல்லி அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏண்டா, உன் கோவத்த காட்ட உனுக்கு மாடு கெடைக்கலியா, மரம் கெடைக்கலியா?"

"நான் தொட்டே ஆறு மாசம் ஆவுதுக்கா" என்றான் அவன். "தூக்கறதுக்கே பயமாகீது. தூக்குன எடத்துல வெரல் வெரலா பதியுது."

அவன் கண்ணைப் பார்த்துவிட்டு செல்லி அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

எழுபத்தெட்டில், ரங்கனுக்கு நாலு வயது முடிந்திருந்தது. விளையாட்டில் தடுக்கி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரு அரிசி அளவு காயம். மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள். சம்பூர்ணம் பஞ்சை அழுத்தி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்தாள். அழுத்தும்வரை நிற்கும், எடுத்தால் மறுபடி ஊறும். அவளுக்குப் படித்துக் கொடுத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மரம் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரியில் மாதம்மாளையும் பிள்ளையையும் ஏற்றித் திருப்பத்தூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க மாதம்மாளின் முந்தானை நனைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, யாருடைய ரத்தத்திலிருந்தோ பிரித்த மஞ்சள் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் நாக்கு காய்ந்தது. இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் மாதம்மாளிடம் பொறுமையாக விசாரித்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?

"எங்கம்மாவுக்கு ஆம்பளப் புள்ள மூணுங்க. மூத்தவன் காது குத்துன அன்னிக்கி ஆரம்பிச்சி ஆறாம் நாளு போய்ட்டான். அடுத்தவன் பலாமரத்துல இருந்து வுழுந்து, வயிறு உப்பிப் போய்ட்டான். கடைசி அண்ணன் கோபால்சாமி மட்டும் நல்லாகீறாருங்க."

மாதம்மாள் பிள்ளையின் துணியை அலசக் குழாயடிக்குப் போனதும் டாக்டர் சம்பூர்ணத்தை உட்காரச் சொன்னார். "இது ரத்தம் உறையாத வியாதி. அம்மா வழியாக வரும், ஆண் பிள்ளைக்குத்தான் வெளியே தெரியும். குணமாக்க முடியாது, பார்த்துக்கொள்ளத்தான் முடியும். மூட்டு வீங்கினால் அசைக்காமல் கட்டி வையுங்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். சூடு கூடவே கூடாது, ரத்தம் இன்னும் ஓடும். கடையில் விற்கிற தலைவலி மாத்திரை தரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சதையில் ஊசி போடக்கூடாது. உள்ளேயே ரத்தம் கொட்டிக் கட்டிக்கொள்ளும். இதற்கு முன்னால் போட்டிருக்கிறீர்களா?"

"நான்தான் போட்டேன், டாக்டர். முத்தடுப்பூசி. தொடை வீங்கிச்சு. மூணு நாள் சுடு ஒத்தடம் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷத்தில்தான் தெரியும்" என்றார். ஒரு அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். "வீட்டாருக்குக் காரணத்தோடு விளங்கச் சொல்லுங்கள்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரங்கன் தூங்கினான். மாதம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழ் நாட்டு நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாம் என்று சம்பூர்ணம் ஆம்பூர் வரும்வரை நினைத்தாள். வாணியம்பாடி வரும்வரை நினைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. தடுப்பூசியில் பிள்ளைக்குக் கால் போச்சு என்று ஒரு சொல் போதும். புளியங்கொல்லையில் ஆரம்பித்து நெல்லிவாசல் வரை குதிர்கள் மறுபடியும் நிறைந்துவிடும். அதற்கு முந்தின வருஷம்தான் கருத்தடைக்காரர்கள் ஜீப்பில் வந்துபோய், ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பயம் பரவி, அதைத் தணிக்கவே அவளுக்குக் கால் தேய்ந்திருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் மாதம்மாள் கொண்டுவந்து வைத்த அந்தப் பலாப்பழமும் நினைவில் வந்தது. அதுவும் ஒரு காரணம். அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்கிற பயம்.

"இவனுக்கு ஊசி ஒத்துக்காதாம் மாதம்மா. என்னக் கேக்காம எங்கியும் போட்டுக்க வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒத்துக்காதா? சரி, புளி ஒத்துக்காத மாதிரி" என்றாள் மாதம்மாள்.

அட்டையிலிருந்த மற்றதையெல்லாம் சம்பூர்ணம் சொல்லிக் கொடுத்தாள். முட்டி வீங்கினால் மூங்கில் பட்டை வைத்துக் கட்ட, சுனைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்ற, கட்டிலில் கால் பக்கம் உயர்த்திப் போட. மாதம்மாள் கை நல்ல கை. ஒருமுறை காட்டினால் போதும்.

அடுத்த வருஷம் சம்பூர்ணம் கீழே பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில் ரங்கனுக்குக் காய்ச்சல் அடித்தது. சந்தைக்கு வருகிற ஊசிக்காரன் ஒருவன் இருந்தான், எந்த நோய்க்கும் ஒரே ஊசி. தாய்மாமன் கோபால்சாமி பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே போனான். புளி ஒத்துக்காதவன்கூடக் காய்ச்சல் நேரத்தில் ஒரு வாய் ரசம் குடிப்பதில்லையா? ஊசிக்காரன் இடுப்புக்குக் கீழே போட்டான். சம்பூர்ணம் திரும்பி வந்தபோது இடது பக்கம் முழுக்க வீங்கி, கால் மடிந்து, நீட்ட முடியாமல் கிடந்தான். வேலூரில் பதினேழு நாள். சின்னதம்பி முதல்முறையாக மலை இறங்கி வந்து ரத்தம் கொடுத்தான். உயிர் தப்பியது. கால் மட்டும் நேராகவில்லை.

"நீ சொன்னதக் கேக்காம போய்ட்டோமே நர்ஸம்மா" என்று மாதம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைத் தாங்குவது, திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. பிள்ளை தேறட்டும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

எண்பதில், பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை. திருப்பத்தூரிலிருந்து தடுப்பு மருந்து வருகிற நாள். பெரிய பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துப் புட்டிகள் வரும். செல்லி பிளாஸ்கை வாங்கிக்கொண்டு வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"யம்மா, புளியங்கொல்லையில மோளம் கேக்குது. ரங்கனுக்குக் காது குத்தாம். ஆலங்காயத்து ஆசாரி நேத்தே ஏறிட்டாராம். உனுக்குச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு கோபால்சாமி."

"மாதம்மா?"

"அவ இன்னா பண்ணுவா? ஆறு வயசாயியும் மூளிக்காதோட திரியறான்னு ஊரே சிரிக்குது."

இருவரும் பிளாஸ்கும் கையுமாக ஓடினார்கள். நாலு மைல். போய்ச் சேரும்போது மொட்டை அடித்து முடிந்திருந்தது. சந்தனம் பூசிய தலையோடு ரங்கன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான். வலது காதுக்குப் பின்னால் கத்தி பட்ட ஒரு கீறல். கோபால்சாமி தோள் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். துண்டில் பாதி சிவந்திருந்தது. ஆசாரி ஊசியைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், கேட்காமல் கொள்ளாமல் அந்தக் கீறலில் விரலை வைத்து அழுத்தினாள். செல்லி பிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள்.

"இன்னா நர்ஸம்மா" என்றான் கோபால்சாமி. "மொட்ட அடிச்சா ரத்தம் வராதா? உங்க கீழ் நாட்டுல யாரும் மொட்டயே அடிக்கறதில்லியா?"

"காது குத்த வேணாங்க. உங்க அண்ணனுக்கு இன்னா ஆச்சு? காது குத்தித்தான போனாரு?"

"அது நேரம் பாக்காம குத்துனது. சாமி குத்தம். இப்ப ஊர் கவுண்டரக் கேட்டு, நேரம் பாத்து, ஆட்ட வெட்டிட்டுத்தான் குத்துறோம்."

ஊர் கவுண்டர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஊசி ஒத்துக்காதுன்னு சொல்லியிருந்தேனே" என்றாள் சம்பூர்ணம்.

"மருந்து ஊசி ஒத்துக்காதுன்ன. இது பொன் ஊசி. இதுல மருந்து எங்க கீது?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் கேட்டது நியாயம்தான். அவள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதானே.

விரலை எடுக்க முடியாது. எடுத்தால் ரத்தம். அதனால் அங்கிருந்து நகரவும் முடியாது. மாதம்மாள் எதிரே, ஒரு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தைக்குச் சின்னக்குழந்தை என்றே பெயர் வைத்திருந்தார்கள். சம்பூர்ணம் அவளைப் பார்க்காமல், மொட்டைத் தலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"மருந்துல இல்லீங்க. குத்தறதுலதான் கீது. இவன் ரத்தம் உறையாது. எந்த ஊசியாருந்தாலும் உள்ள ரத்தம் கொட்டும். கைப்புள்ளையில தொட வீங்குச்சே, அது மாரியாத்தா இல்ல. நான் போட்ட ஊசி. அதுக்குமேல சுடு ஒத்தடம் குடுத்து, நானேதான் அத்தப் பெருசாக்குனேன். அன்னிக்கி எனக்குத் தெரியாது. மத்த புள்ளைங்களுக்கு ஊசியால ஒண்ணும் ஆவாது. இவனுக்கு மட்டும்தான்."

மேளக்காரன் கையை நிறுத்திவிட்டான். கடைசியாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. நான்கைந்து பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

மாதம்மாள்தான் கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சிது உனுக்கு?"

"வேலூருக்குப் போனமே. நாக்கு கடிச்சிக்கினப்போ. டாக்டரம்மா சொன்னாங்க."

"சந்தையில ஊசி போட்டது?"

"அதுக்கு அப்புறம்."

"அப்போ அதுக்கு முன்னாடியே உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த மாதிரின்னு சொல்லியிருந்தா எங்கண்ணன் தூக்கினு போயிருப்பாரா?"

சம்பூர்ணம் ஐஸ் துணியைக் கீறலில் இன்னும் அழுத்திப் பிடித்தாள். விரல் மரத்துப்போயிருந்தது. மாதம்மாள் ஆசாரியிடம் போய், "ஊசிய எடுத்து வையுங்க" என்றாள். கோபால்சாமி வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "நீ பேசாத. உன் தோள்ல தூக்கினு போனது போதும்" என்றாள். காது குத்தாமல் எழுந்தால் தாய்மாமனுக்கு அவமானம், கொண்டுவந்த கடுக்கனை என்ன செய்வது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஊர் கவுண்டர் ஒரு வழி சொன்னார். ஆசாரி ஊசியின் காதுப் பக்கத்தைச் சந்தனத்தில் தொட்டு இரண்டு காதிலும் பொட்டு வைத்தார். மஞ்சள் நூலில் கடுக்கனைக் கோத்துக் காதைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். குத்தியதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது. பந்தி நடந்தது. சம்பூர்ணம் கீறலில் ரத்தம் நிற்கும்வரை இரண்டு மணி நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினாள். யாரும் சாப்பிடச் சொல்லவுமில்லை.

அதன்பிறகு புளியங்கொல்லையில் ஒரு குழந்தைகூட ஊசிக்கு வரவில்லை. அக்கம்பக்கத்து நான்கு ஊர்களிலும் வரவில்லை. மேலேயிருந்து ஏன் குறைந்தது என்று கேட்டு ஓலை வந்தது. அவள் என்ன எழுதுவது? புதன்கிழமை தோறும் பிளாஸ்க் மட்டும் வந்துகொண்டிருந்தது. மருந்தை அப்படியே திருப்பி அனுப்புவாள். ஐஸ் மிச்சம். அதைக் கொட்ட மனம் வராமல், செல்லியோடு புளியங்கொல்லைக்குக் கொண்டுபோய் மாதம்மாள் வீட்டு வாசலில் வைப்பாள். மாதம்மாள் வந்து பிளாஸ்கை எடுத்துப் போவாள். ரங்கனின் முட்டிக்குக் கட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்துத் திருப்பித் தருவாள். ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே வா என்றும் கிடையாது. வீக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னதம்பி பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்து காட்டுவான்.

"ஊசி போடற நர்ஸுன்னு கெவுருமெண்டு சம்பளம் குடுக்குது. நீ ஐஸ் வண்டிக்காரியாட்டம் மலை ஏறி எறங்கற" என்பாள் செல்லி. "மணி ஒண்ணு வாங்கித் தர்ட்டா?"

சம்பூர்ணம் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷங்களில்தான் அவளுக்கு முட்டிவலி ஆரம்பித்தது.

எண்பத்தொன்று மழைக்காலத்தில் கக்குவான் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இருமி, முகம் நீலமாகி, கூவி மூச்சிழுத்தன. சம்பூர்ணம் ஒவ்வொரு வீடாகப் போய், இருமல் வரும்போது பிள்ளையைக் கவிழ்த்துப் பிடிக்கவும் கோழையைத் துடைத்தெடுக்கவும் காட்டிக் கொடுத்தாள். அதற்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். முனியன் மகளுக்குப் பிறந்த மூன்று மாதக் குழந்தை ஆறாம் நாள் போய்விட்டது. மார்ச்சளியிலிருந்து அவள் எழுப்பி உட்கார வைத்த அதே மகள். அன்றைக்குப் பேசாமல் இருந்ததால் ஒரு பிள்ளைக்குக் கால் போயிற்று. பேசியதால் ஒரு பிள்ளை உயிரே போயிற்று. எது சரி என்று யாரிடமும் அவள் கேட்கவில்லை. கீழே மாற்றல் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

அந்தக் கக்குவானில் சின்னக்குழந்தையும் இருமியதோ என்று ஒருநாள் மாதம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. சாதாரணச் சளிதான். அடுத்த புதன்கிழமை பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்கும்போது வாயைத் திறந்தாள்.

"இவளுக்கு ஊசி போடலாமா?"

"போடலாம் மாதம்மா. பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது."

"உன் வாய்ச்சொல்லு வேணாம். அந்த டாக்டரம்மா எழுதிக் குடுக்கட்டும்."

டாக்டர் பிள்ளையின் ரத்தத்தைப் பார்க்காமல் எழுதமாட்டார். ஆகவே மறுபடியும் மூவரும் வேலூருக்குப் போனார்கள். பஸ்ஸில் மாதம்மாள் முன் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்தாள். சம்பூர்ணம் பின்னால். திருப்பத்தூரிலிருந்து போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மாதம்மாள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ராஜேந்திரனிடம் கொடுத்து, பலாமரத்தடியில் எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். இன்னொருதரம் படிக்கச் சொன்னாள். படித்தார். பிறகு சின்னக்குழந்தையின் தொடையைத் திருப்பிக் காட்டினாள். இந்தமுறை மற்றப் பெண்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை. ஊசி போட்டதும் மூன்று நாள் எல்லாரும் அந்தத் தொடையை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் ஆறு பேர்.

இப்போது எண்பத்தொன்பது. சம்பூர்ணம் புதூர்நாட்டில்தான் இருக்கிறாள். மூன்று தரம் மாற்றல் கேட்டு எழுதி, நாலாம் தரம் எழுதவில்லை. வசந்திக்குக் கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். ரங்கனுக்குப் பதினைந்து வயது. இடது கால் மடிந்தே இருக்கிறது, கோல் ஊன்றி நடக்கிறான். எட்டாவது வரை படித்துவிட்டு, புளி கொட்டை எடுக்கிற வேலையை வீட்டிலிருந்தே செய்கிறான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வேலூருக்குப் போக வேண்டியிருக்கிறது. அவன் காது குத்தவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி போடப்படுகிறது. மாதம்மாளும் சம்பூர்ணமும் பிள்ளையின் மூட்டைப் பற்றிப் பேச வேண்டியதைப் பேசிக்கொள்கிறார்கள், அதற்குமேல் பேசுவதில்லை. பிளாஸ்க் புதன்கிழமைகளில் போய் வருகிறது.